அந்தப் பையனுக்கு இன்னொரு காலும் உண்டு

கொங்கு மண்டலத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், கால்பந்து அகாடமி நடத்தும் பயிற்சியாளர்களுக்கும், மாவட்ட அணித் தேர்வில் நோட்டும் பேனாவுமாக உட்காருகிறவர்களுக்கும்,

வணக்கமுங்க.

உங்கள் எல்லோருடைய அணியிலும் இருக்கிற ஒரு பையனைப் பற்றி எழுதுகிறேன். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் தாக்கி ஆடுவான். பயிற்சிக்கு முதல் ஆளாக வருவான், கடைசி ஆளாகப் போவான். ஓடச் சொன்னால் நாக்குத் தள்ள ஓடுவான். பந்து பறிபோனால் இடுப்பில் கை வைத்து நிற்க மாட்டான், துரத்திக்கொண்டு தன் கோல் வரைக்கும் திரும்பி வருவான். பி.டி. சார் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. அவனுக்கு இருப்பது ஒரு கால்தான். பெரும்பாலும் அது வலது கால். இடது கால் ஓடவும் நிற்கவும் மட்டும். பெண்பிள்ளைகள் அணிகளிலும் இதே கதைதான். எழுத வசதியாக இருக்கட்டும் என்றே பையன் என்கிறேன்.

நான் நடுவர். பள்ளிப் போட்டிகளிலும் ஊர்க் கிளப் போட்டிகளிலும் பெரும்பாலும் கொடி பிடித்துக் கோட்டோரம் ஓடுகிறவன். லைன்ஸ்மேன் ஓடும் ஓரம், வழக்கமான ஏற்பாட்டில், தாக்கும் அணியின் வலது விங் இருக்கிற ஓரம். அதனால் வலது விங்கர்களோடு நான் ஓடியிருக்கிற அளவுக்கு அவர்களுடைய பயிற்சியாளர்கள் ஓடியிருக்க மாட்டார்கள். அவர்கள் மூச்சு வாங்குவது கேட்கும். எதிரே நிற்கும் பேக், அதாவது எதிரணியின் தடுப்பாட்டக்காரன், பேசுவதும் கேட்கும். உடுமலையோ பொள்ளாச்சியோ ஈரோடோ, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அந்தப் பேக் தன் ஆளுக்குக் குரல் கொடுப்பான்: "அவனுக்கு லெஃப்ட் இல்லடா. ரைட்ட மட்டும் மூடு, உள்ள வந்தா வரட்டும்." பதினாலு வயதுப் பையன் கண்டுபிடிக்கிற விஷயம் இது. அதற்குப் பிறகு நம் விங்கர் இன்னும் ஐம்பது நிமிடம் ஓடுவான். ஆட்டம் அவனுக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஏன் முடிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். "லெஃப்ட் யூஸ் பண்ணுடா" என்று வெளியிலிருந்து கத்துகிறோமே தவிர, இடது கால் இல்லாததால் அவன் எதையெல்லாம் இழக்கிறான் என்று உட்கார்ந்து பார்ப்பதில்லை.

வலது ஓரத்தில் பந்து கிடைக்கிறது. விங்கருக்கு இரண்டு வழி. கோட்டை ஒட்டி வெளியே போய், ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைப் போடலாம், அதாவது கிராஸ் போடலாம், அல்லது உள்ளே வெட்டி கோலை நோக்கி ஆடலாம். அவன் எந்தப் பக்கம் போவான் என்பது தெரியாத வரைக்கும்தான் பேக் பயப்படுவான். தெரியாதபோது நேருக்கு நேராக நிற்க வேண்டியிருக்கும், உடல் எடையை இரண்டு காலிலும் வைத்திருக்க வேண்டியிருக்கும், விங்கர் அசைந்த பிறகுதான் அவன் அசைய முடியும். அந்தச் சின்னத் தாமதத்தில்தான் விங்கர்கள் பிழைக்கிறார்கள். உள்ளே வரும் கால் இல்லை என்று தெரிந்துவிட்டால் பேக் ஓரடி வெளிப்பக்கம் தள்ளி, உடம்பைச் சாய்வாகத் திருப்பி, கோட்டோர வழியை அடைத்து நின்றுவிடுவான். உள்ளே போகும் கதவை அவனே திறந்து வைப்பான். போ என்பான்.

பையன் போகிறான். பந்து இடது காலுக்கு வருகிறது. வலது காலின் வெளிப்புறத்தால் தட்டிப் பார்ப்பான், அதில் வேகம் இருக்காது. இல்லையென்றால் பந்தை நிறுத்தி, முழு உடம்பையும் சுற்றி, மறுபடி வலதுக்கு மாற்றுவான். அதற்குள் ஸ்ட்ரைக்கர் தன் ஓட்டத்தை ஓடி முடித்து ஆஃப்சைடில் நிற்பான், எதிரணியின் நடுக்கள ஆட்கள் வீடு திரும்பியிருப்பார்கள். இது இரண்டும் சரிப்படாது என்றால் பின்னால் தன் பேக்குக்கே கொடுத்துவிடுவான். சரி, பந்தை இழக்கவில்லையே என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

வெளியே போனாலும் சிக்கல் தீராது. வலது காலில் கிராஸ் போடப் பந்தை அரையடி வெளியே தள்ள வேண்டும். எதிரே இருப்பவன் அதற்காகவே காத்திருக்கிறான். அந்தத் தள்ளலைப் பார்த்ததும் காலை நீட்டுவான். த்ரோ, அல்லது கார்னர். கார்னர் வாங்கித் தந்தான் என்று கைதட்டுகிறோம். ஓர் ஆட்டத்தில் நம் விங்கர் வாங்கித் தந்த கார்னர்களை எண்ணுகிற நேரத்தில், பேக்கின் காலில் படாமல் உள்ளே போன கிராஸ்களை எண்ணிப் பாருங்கள்.

மைதானத்துக்கு வெளியிலிருந்து அதிகம் தெரியாத இடம் ஒன்று உண்டு. பந்தை வாங்கும் இடம். வலது பேக் கோட்டோரமாகப் பாஸ் கொடுக்கிறான், விங்கர் உள்பக்கம் பார்த்து நிற்கிறான், அவனுடைய வலது தோளுக்குப் பக்கத்தில் எதிரணிப் பேக் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். இந்த நிலையில் பந்தை எதிராளிக்குத் தூரமான காலில், அதாவது இடது காலில் வாங்க வேண்டும். நடுவில் தன் உடம்பு இருக்கும், பந்து பத்திரம். ஒரு கால் பையன் என்ன செய்வான்? பழக்கம் விடாது, பந்தைத் தன் உடம்பைக் கடக்கவிட்டு வலது காலுக்குக் கொண்டுவருவான். எதிராளியின் காலடியில் கொண்டுபோய் வைப்பதுதான் அது. பறிபோகும். பறிபோன பந்தைத் துரத்திக்கொண்டு அறுபது மீட்டர் பின்னால் ஓடுவான். "பாருங்க, என்ன மாதிரி உழைக்கிறான்!" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அவன் ஓடிய ஓட்டத்தில் பாதி, அவனுடைய இடது கால் செய்யாத வேலைக்குக் கட்டிய வட்டி. இதைச் சொல்லாமல் அந்தப் பையனைப் பாராட்டுவது அவனுக்குச் செய்கிற நியாயம் இல்லை.

நம்ம பக்கம் "பாடுபடுற பையன்" என்பதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. பனியன் கம்பெனியிலும் விசைத்தறிக் கூடத்திலும் லேத் பட்டறையிலும் தோட்டங்காட்டிலும் பாடுபட்டே எழுந்த ஊர்கள் இவை. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் உழைப்பைப் பார்த்ததும் நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், நூலை இங்குமங்கும் கொண்டுபோகும் நாடா ஒரு பக்கம் மட்டும் போய் நின்றுவிட்டால் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினாலும் துணி விழாது. திறமையுள்ள சோம்பேறிப் பையனை நாம் விடுவதே இல்லை. திட்டுகிறோம், வெளியே உட்கார வைக்கிறோம், வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம். உழைக்கிற பையனிடம் குறை சொல்ல மனசு வருவதில்லை. அதனாலேயே பத்து வயதில் சரிசெய்திருக்க வேண்டிய குறை பதினேழு வயது வரைக்கும் அவனோடு சேர்ந்து வளர்கிறது.

பெரிய ஆட்டத்திலிருந்து ஓர் உதாரணம். ஈக்வடாரின் அந்தோனியோ வலென்சியா. 2009 கோடையில் கிறிஸ்டியானோ ரொனால்டோ ரியல் மாட்ரிட்டுக்குப் போனார், அதே கோடையில் விகன் அணியிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார் வலென்சியா. குதிரை பலம், நல்ல வேகம், ஓயாத உழைப்பு, ஒரே ஒரு வலது கால். முதல் சீசனில் அவர் வலது ஓரத்திலிருந்து போட்ட பந்துகளை வெய்ன் ரூனி தலையால் கோலாக்கினார். 2010 செப்டம்பரில் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து, சில மாதங்களில் திரும்பி வந்து, 2011-12 சீசனில் கிளப்பின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். அடுத்த சீசனில் அவருக்கு ரொனால்டோ முன்பு அணிந்திருந்த 7ஆம் எண் சட்டை கொடுத்தார்கள். அந்த சீசன் சரியாகப் போகவில்லை, எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய 25க்கே போனார்.

சட்டை எண்தான் பாரமாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் பார்த்த வரையில் காரணம் அதைவிடச் சாதாரணமானது. அதற்குள் இங்கிலாந்தின் ஒவ்வொரு இடது பேக்குக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. நிற்பார், பந்தை வெளியே தள்ளுவார், வலது காலால் அடிப்பார். உள்ளே வரவே மாட்டார் என்றால் வெளியே மட்டும் காவல் போட்டால் போதும். உலகத்தரமான வேகமும் உடற்கட்டும் இருந்தவருக்கே இந்தக் கதி. அப்புறம் அவரைப் படிப்படியாக வலது பேக்காக மாற்றினார்கள். அங்கே அவர் மறுபடி தழைத்தார், அணித்தலைவராகவும் ஆனார், 2019 வரைக்கும் அந்தக் கிளப்பில் இருந்தார். உழைப்பும் ஒரு காலும் சேர்ந்து எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கும், விங்கில் அது எந்த இடத்தில் முட்டி நிற்கும் என்பதற்கும் அவர் ஒருவரே சாட்சி.

இதைச் சொன்னதும் பெற்றோரும் சில பயிற்சியாளர்களும் மரடோனாவைக் கொண்டுவருவார்கள். 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த இரண்டாவது கோல், பாதி மைதானத்தைக் கடந்து முழுக்க முழுக்க இடது காலாலேயே அடித்ததுதானே? உண்மைதான். நெதர்லாந்தின் அர்யென் ராபனும் அப்படித்தான். பத்து வருடம் பயர்ன் மியூனிக்கில் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் அடித்தார், எல்லோருக்கும் தெரிந்திருந்தும் தடுக்க முடியவில்லை. 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் டார்ட்மண்டுக்கு எதிராக 89ஆவது நிமிடத்தில் வெற்றி கோலையும் அடித்தார்.

ஆனால் ராபனைக் கூர்ந்து பாருங்கள். இடது கால்காரரை வலது ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே வந்தால் கோல், எனவே அவருடைய ஒரே கால் ஆபத்தான பக்கம் பார்த்து இருந்தது. அவருக்கு வெளியே வலது பேக் பிலிப் லாம் ஓயாமல் மேலே ஓடினார், பேக் அவரையும் கவனிக்க வேண்டியிருந்தது. முதல் மூன்று அடியில் ராபனுக்கு இருந்த வெடிப்பு கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. எதிராளிக்கு வழி தெரியும், எப்போது கிளம்புவார் என்பது மட்டும் தெரியாது. அதேபோல இடது காலோடு வலது ஓரத்தில் ஆடிய பிரேசிலின் ஆன்டனியை 2022இல் சுமார் 9.5 கோடி யூரோ கொடுத்து மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. முதல் சில ஆட்டங்களில் கோல் வந்தது. பிறகு எதிரணிகள் உள்வழியை அடைத்தபோது அவருக்கு வெளியே போகும் கால் இல்லாமல் போனது. நம் குறுமைய (பள்ளிகளின் வட்டார அளவிலான) அணிகளில் இருக்கிற பையன்கள் ராபனைவிட ஆன்டனிக்கும் வலென்சியாவுக்கும்தான் நெருக்கம். அவர்களுக்கு இருந்த உடற்கட்டும் நம் பையன்களுக்கு இல்லை.

நான் கேட்பது இரண்டு காலும் சரிசமமாக வேண்டும் என்று இல்லை. அது பெரிய வீரர்களுக்கே இல்லை. 1998 பிரான்ஸ் உலகக்கோப்பை ஆட்டங்களை ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஆடியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வலது கால்காரர்கள், பொதுமக்களில் இருப்பதைப் போலவே. பெரும்பாலான தொடுதல்களுக்கு அவர்கள் பிடித்த காலையே பயன்படுத்தினார்கள். ஆனால் அபூர்வமாக மற்றக் காலைப் பயன்படுத்தியபோது, வெற்றி ஏறத்தாழ அதே அளவுக்கு இருந்தது. இதை உங்களில் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த உயரத்தில் ஆடுகிறவர்களிடம் இரண்டாவது கால் சும்மா தூங்கவில்லை. குறைவாக வெளியே வருகிறது, வரும்போது வேலையை முடிக்கிறது. நம் பையனுக்குத் தேவையும் அவ்வளவுதான். ஓர் ஆட்டத்தில் மூன்று தடவை உள்ளே வந்து இடது காலால் தரையோடு ஒரு நல்ல பாஸ் கொடுக்கட்டும். நாலாவது தடவை பேக் தானாகவே ஓரடி உள்ளே தள்ளி நிற்பான். அப்போது வெளியே போகும் வழி திறக்கும், வலது காலுக்கு மறுபடி உயிர் வரும். இடது காலைப் பழக்குவது வலது காலுக்காகத்தான்.

பழக்கிய கால் எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு தென் கொரியாவின் சன் ஹியூங் மின் போதும். 2021-22 பிரீமியர் லீக்கில் 23 கோல், அதில் ஒன்றுகூடப் பெனால்டி இல்லை, இரண்டு காலுக்கும் ஏறக்குறைய சரிபாதி. மேற்கு ஜெர்மனியின் இடது பேக் ஆண்ட்ரியாஸ் பிரேமே 1990 உலகக்கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலை, அந்தப் பெனால்டியை, வலது காலால் அடித்தார். இடது ஓரத்திலேயே வாழ்க்கையைக் கழித்த பேக் அவர்.

நம் ஊரிலும் பார்க்கக் கிடைத்தது. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டம் வாங்கியது. நம் பகுதியின் எத்தனையோ பிள்ளைகள் கேலரியில் இருந்தார்கள். அந்த அணியின் ஸ்ட்ரைக்கர் பெத்ரோ மான்சியின் கோல்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம். அந்த அணி இன்று லீக்கில் இல்லை என்பது தனி வருத்தம், அது இன்னொரு மடலுக்கான விஷயம். அந்த ஆட்டங்களைப் பார்த்த பிள்ளைகளிடம் கோலைக் கேட்ட அளவுக்கு, நடுக்கள ஆட்கள் பந்தை எந்தக் காலில் வாங்கித் திரும்பினார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம் நிலத்துக்கென்றே ஒரு காரணமும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று உங்களுக்குத் தெரியும். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். பள்ளிகளின் குறுமையப் போட்டிகள் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். மைதானம் வடக்கு தெற்காக இருந்தால் காற்று குறுக்கே அடிக்கும். தெற்கு நோக்கி ஆடுகிற பாதியில் வலது விங் மேற்கே இருக்கும், தூக்கிப் போட்ட கிராஸ் காற்றோடு போய் எதிர் ஓரத்தில் த்ரோவாகும். வடக்கு நோக்கி ஆடுகிற பாதியில் அதே கிராஸ் காற்றில் முட்டி முன்போஸ்ட்டுக்கு முன்பே செத்து விழும். இரண்டு பாதியிலும் பலிப்பது தரையோடு போகிற பந்து. அதை பாக்ஸின் ஓரம் வரை உள்ளே வந்து கொடுக்க வேண்டும். உள்ளே வரக் கால் வேண்டும். வலது காலில் உயரத் தூக்கிப் போடுவதையே ஜூன் மாதம் முழுவதும் பழக்கிவிட்டு, போட்டியன்று காற்றைத் திட்டுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இனி, எப்படிப் பழக்குவது என்பது. உங்களில் பலருக்கு என்னைவிட அதிகம் தெரியும். கோட்டோரத்திலிருந்து கண்ணில் பட்டதை மட்டும் வைக்கிறேன்.

இடது காலால் அடிக்க வராத பையனைக் கவனித்தால், குறை பாதி வலது காலில் இருப்பது தெரியும். வலது காலால் அடிக்கும்போதெல்லாம் இடது கால்தான் ஊன்றி நிற்கிறது. அது நன்றாகப் பழகிய ஊன்றுகால். இடது காலால் அடிக்க வலது கால் ஊன்ற வேண்டும். அது ஒருநாளும் அந்த வேலையைச் செய்ததில்லை. பந்துக்குப் பின்னால் ஊன்றும், முழங்கால் விறைத்து நிற்கும், உடம்பு பின்னால் சாயும், பந்து வானத்துக்குப் போகும். எனவே முதல் நாளே ஷாட் அடிக்கச் சொல்லாதீர்கள். ஒரு சுவர் போதும். மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஊன்றும் வலது பாதத்தைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, விரல் நுனியைப் போகவேண்டிய திசைக்குத் திருப்பி, இடது பாதத்தின் உட்பக்கத்தால் மெதுவாகத் தள்ளட்டும். கணுக்கால் கெட்டியாக இருக்கட்டும். திரும்பி வரும் பந்தை இடது காலாலேயே வாங்கட்டும். வாங்குவது வந்த பிறகு பாஸ், பாஸ் வந்த பிறகு ஓடிக்கொண்டே பாஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஷாட். தினமும் பத்து நிமிடம், பயிற்சியின் தொடக்கத்தில், கால் களைப்பதற்கு முன். கடைசியில் வைத்தால் யாரும் செய்ய மாட்டார்கள், செய்தாலும் களைத்த காலில் கெட்ட பழக்கம்தான் ஏறும்.

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வயது வரைக்கும் இது சுலபம். அந்த வயதில் தப்பாக அடிப்பதற்கு வெட்கம் கிடையாது. பதினைந்து ஆகிவிட்டால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் வந்துவிடும், ஆட்டத்தில் இடது காலை நீட்டவே மாட்டான். ஆகவே தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு என் முதல் கோரிக்கை: சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பாதிக்குப் பாதி விங்கை மாற்றுங்கள். முதல் பாதி வலது ஓரம், இரண்டாம் பாதி இடது ஓரம். வாரத்தில் ஒருநாள் இடது காலால் அடித்தால் மட்டுமே கோல் என்று வைத்து ஆடவிடுங்கள். அன்றைக்கு மைதானத்தில் கூச்சலும் சிரிப்புமாக இருக்கும். இருக்கட்டும்.

டர்ஃப் எனும் செயற்கைப் புல் மைதானம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலையில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்து ஐவர் ஆட்டம் ஆடுவது நம் நகரங்களில் பெருகியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் சுற்றிலும் வலை கட்டிய பல டர்ஃப்களில் பந்து வெளியே போவதில்லை, வலையில் பட்டுத் திரும்பி வந்துவிடும். பாதத்தின் அடியால் பந்தை இழுத்து மறுபடி வலதுக்கே மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். ஒரு கால் பையனின் குறை அங்கே தெரியவே தெரியாது. பெரிய மைதானத்தில், கோடு கோடாகவே இருக்கிற இடத்தில், அவன் திணறுவான். அகாடமிகள் டர்ஃபில் மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பதினொருவர் ஆட்டத்துக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏற்கெனவே பதினாறு பதினேழு வயதாகிவிட்ட பையனை என்ன செய்வது? அவனைத் தூக்கி எறியாதீர்கள். இந்த மடலை எழுதத் தூண்டியதே அவர்கள்தான். வலென்சியாவுக்குச் செய்ததைச் செய்து பாருங்கள். வலது பேக்காக ஆடினால் பந்து கிடைக்கும்போது ஆட்டம் முழுக்க அவனுக்கு முன்னால் இருக்கும், முதுகில் ஆள் இருக்காது. மேலே ஓடும்போது எதிரணிப் பேக்கை அவனுடைய விங்கர் ஏற்கெனவே உள்ளே இழுத்துப் போயிருப்பான். காலியான ஓரத்தில் ஓடிவந்து முதல் தொடுதலில் வலது காலால் கிராஸ் போட ஒரு கால் போதும். அவனுடைய உழைப்பு, திரும்பி ஓடும் குணம், சொன்னதைக் கேட்கும் மனசு எல்லாமே அந்த இடத்தில் அப்படியே பயன்படும். இல்லையென்றால் இடது விங்குக்கு மாற்றிப் பாருங்கள், உள்ளே வந்தால் வலது கால் கோலைப் பார்க்கும். ஆனால் அங்கே அவனுக்கு வெளியே ஓடுவதற்கு ஓர் இடது பேக் வேண்டும், அதைப் பயிற்சியாளர் ஏற்பாடு செய்துதர வேண்டும். விங்கிலேயே வைத்துக்கொள்வதென்றால், நின்ற இடத்தில் பந்து கொடுக்காதீர்கள். பேக்குக்குப் பின்னால் ஓட்டத்தில் கொடுங்கள், அவன் வேகத்துக்கு அங்கேதான் வேலை. இதையெல்லாம் யோசிக்காமல் "இன்னும் ஓடு, இன்னும் ஓடு" என்று சொல்வது மட்டும் பயிற்சி ஆகாது.

கடைசியாகத் தேர்வாளர்களுக்கு. போன சீசனில் ஒரு தேர்வில் கொடி பிடிக்கப் போயிருந்தேன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். விடிகாலை முதல் பேருந்து ஏறி வந்திருந்த ஒரு பையன், மற்ற எல்லோரையும்விட அதிகம் ஓடினான். பெயர் வாசித்தபோது அவன் பெயர் இல்லை. அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன், அன்றைக்கு அவனைவிட நல்ல விங்கர்கள் இருந்தார்கள். என் வருத்தம் வேறு. ஏன் எடுக்கவில்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. "இன்னும் நல்லா ஹார்ட்வொர்க் பண்ணு தம்பி" என்று தோளில் தட்டி அனுப்பினார்கள். அவன் ஊருக்குப் போய் என்ன செய்வான்? காலையில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவான். அவனிடம் இல்லாதது ஓட்டமா? "உனக்கு உழைப்பு போதும், இடது காலில் பந்து வாங்கிப் பழகு, அடுத்த வருடம் வா" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு வருடத்துக்கான வேலை கையில் கிடைத்திருக்கும். தேர்வுத் தாளில் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதி அவனுடைய பி.டி. சாருக்கு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? பதினான்கு வயதுக்குட்பட்டோர் தேர்விலேயே இரண்டு காலையும் சோதித்து, அந்த வரியை எழுத ஆரம்பியுங்கள். பத்தொன்பதில் சோதித்து நிராகரிப்பதால் யாருக்கும் பயன் இல்லை.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: மூவாயிரம் ரூபாய் பூட்ஸ் அவசரம் இல்லைங்க. வீட்டுச் சுவர் கறையாகும், அதற்கு மட்டும் திட்டாதீர்கள்.

வருகிற மே மாதம் கோடை முகாம் நடத்துகிற எந்தப் பள்ளியும் கிளப்பும் என்னை அழைக்கலாம். காசு வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால், விங்கில் ஆடுகிற பிள்ளைகளை மட்டும் ஓரமாக அழைத்து, பேக் அவர்களை எப்படிப் பார்க்கிறான், எங்கே நிற்கிறான், அவர்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறான் என்று நான் கேட்டதையெல்லாம் சொல்லிக் காட்டுகிறேன். அப்புறம் சுவருக்கு முன்னால் நிறுத்தி இடது காலில் தொடங்கலாம். ஜூன் மாதக் குறுமைய அட்டவணை வருவதற்கு முன் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உடுமலையிலிருந்து ஒரு கால்பந்து நடுவர்